ஊதியம் உலையிலிருந்து தொடங்கட்டும்

(காலடிப்பேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு கேள்வியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் பணத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது? நூறு ரூபாய் வந்தால் அதில் எத்தனை ரூபாய் அரிசி, பருப்பு, எண்ணெய், மீன், பால், டீக்கடை வடை என்று கரைகிறது? நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். நோட்டில் எழுதி வைப்பவர்கள் குறைவு. சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கோ அந்தக் கணக்கு அரிதாகத்தான் போய்ச் சேருகிறது. அது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் எர்ன்ஸ்ட் ஏங்கெல். மார்க்சின் தோழரான எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு. ஜெர்மனியின் சாக்சனியில் புள்ளிவிவர அலுவலகத்தின் தலைவராக இருந்தவர். பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை டுக்பேஷியோ என்பவர் திரட்டி 1855-இல் வெளியிட்டிருந்தார். அந்தக் குடும்பங்கள் மூன்று வகை. பிறர் உதவியில் வாழ்ந்தவர்கள் செலவில் நூற்றுக்குச் சுமார் 71 சாப்பாட்டுக்கே போனது. உதவி இல்லாமல் சமாளித்தவர்களுக்கு 67. சற்று வசதியானவர்களுக்கு 62. இதைப் பார்த்து 1857-இல் ஏங்கெல் ஒரு விதியை எழுதினார்: குடும்பம் எவ்வளவு ஏழையோ, அதன் செலவில் உணவின் பங்கு அவ்வளவு பெரிது. பொருளாதாரத்தில் நாடு, காலம் தாண்டி நிலைத்து நிற்கும் விதிகள் சிலவே. அவற்றில் இது ஒன்று.

இந்த விதியை நம் ஊர் மண்ணில் வைத்துப் பார்ப்போம். நாம் கூடியிருக்கும் இந்தக் காலடிப்பேட்டை நெசவாளர்களுக்காக உருவான குடியிருப்பு. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுப்பதற்காக அமைந்தது. அப்படி நெய்த நம் முன்னோர்களின் கூலி எவ்வளவு அரிசி வாங்கியது? வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளியின் கூலியை வெள்ளிக் காசில் அளந்தால் இங்கிலாந்துத் தொழிலாளியின் கூலியை விடக் குறைவாகத் தெரியும். தானியத்தில் அளந்தால் இரண்டும் ஏறத்தாழ நிகராக வரும் என்று அதில் வாதிட்டார். அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நமக்கு முக்கியம். கூலியைக் காசில் எண்ணாதே, அது வாங்கும் சோற்றில் எண்ணு என்றார். இருநூற்றைம்பது, முந்நூறு ஆண்டு தாண்டியும் அந்த அளவுகோல் தேயவில்லை.

அடுத்து பெரம்பூருக்கு வாருங்கள். 1918 ஏப்ரல் 27. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்த நாள். சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவை இந்த வேலைக்குள் அழைத்து வந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் அரிசி விலை ஏற்றத்தால் கலவரம் மூண்டு கடைகள் சூறையாடப்பட்டன. வடசென்னையின் தொழிற்சங்க வரலாறு சோற்றிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

சரி, இன்றைய நிலை என்ன? மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23-ஆம் ஆண்டுக்கு நடந்தது. 1999-2000-இல் இந்திய நகரங்களில் ஒரு குடும்பத்தின் செலவில் உணவுக்கு 48 சதவீதம் போனது. 2011-12-இல் அது 42.6 ஆனது. 2022-23-இல் 39.2. கிராமங்களில் 59-லிருந்து 46-க்கு இறங்கியது. 2023-24 கணக்கெடுப்பில் இரண்டும் சற்றே ஏறி, நகரத்தில் 39.7, கிராமத்தில் 47 என்று வந்தன. தமிழ்நாட்டு நகரங்களில் 2022-23-இல் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரியாக 7,630 ரூபாய். நாட்டின் நகரச் சராசரி 6,459.

ஏங்கெல் விதிப்படி பார்த்தால் இது நல்ல செய்தி. நாம் வளர்ந்திருக்கிறோம். இதில் உண்மையும் இருக்கிறது, அதை மறுக்க நான் வரவில்லை. நம் பாட்டிமார்கள் காலத்தில் கேழ்வரகுக் களி தின்று படுத்த வீடுகளில் இன்று பிள்ளைகள் முட்டை சாப்பிடுகிறார்கள். அதில் நியாய விலைக் கடைக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது பங்கீட்டு அரிசிக்காகச் சென்னை வரிசையில் நின்றது. 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வந்தது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2013-இல் அம்மா உணவகம் வந்து ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. பள்ளியில் மதிய உணவோடு, 2022-இலிருந்து காலை உணவும் சேர்ந்தது. இவை ஒவ்வொன்றும் நம் வீட்டு உலையின் பாரத்தைக் குறைத்தவை. இவற்றை இலவசம் என்று இகழ்ந்து பேசுகிறவர்கள், மாதக் கடைசியில் ஒரு வீட்டு அரிசிப் பானையைத் திறந்து பார்க்காதவர்கள்.

ஆனால் தோழர்களே, சதவீதம் குறைந்ததைக் கண்டு மட்டும் மகிழ்ந்துவிடக் கூடாது. உணவின் பங்கு குறைய இரண்டு வழி உண்டு. வருமானம் பெருகி, வயிறு நிறைந்து, மிச்சப் பணம் வேறு நல்ல காரியத்துக்குப் போனால் குறையும். வேறு செலவுகள் கழுத்தைப் பிடித்து, சாப்பாட்டில் கைவைக்க நேர்ந்தாலும் குறையும். தாளில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். நான்கு பேர் உள்ள ஒரு வீடு. மாதம் 20,000 ரூபாய் வரவு. சாப்பாட்டுக்கு 8,000, அதாவது 40 சதவீதம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். இப்போது வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரம் ஏற்றுகிறார். பிள்ளையின் பள்ளி வேன் ஃபீஸ் ஐந்நூறு ஏறுகிறது. சம்பளம் ஏறவில்லை. அந்த 1,500 எங்கிருந்து வரும்? குழு லோன் தவணையைத் தள்ளிப்போட முடியாது. வாரா வாரம் கூடி உட்கார்ந்து வசூலிக்கிறார்கள். தண்டல்காரர் அன்றாடம் வாசலுக்கு வருகிறார். கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். யாரும் வந்து கதவைத் தட்டிக் கேட்காத செலவு ஒன்றுதான்: சோறு. ஆக, 8,000 என்பது 6,500 ஆகிறது. ஆளுக்கு 54 ரூபாய். சதவீதம் 40-லிருந்து 32.5-க்கு இறங்கிவிட்டது. ஏங்கெல் விதியை மட்டும் வைத்துப் பார்க்கும் அதிகாரி, இந்தக் குடும்பம் முன்னேறிவிட்டது என்று எழுதுவார். அந்த வீட்டுத் தட்டில் மீன் போய்க் கருவாடு வந்திருக்கும். கருவாடும் போய் ஊறுகாய் வந்திருக்கும்.

இது என் கற்பனைக் கவலை இல்லை. நாட்டின் வருமானம் ஏறிய காலத்திலேயே ஓர் ஆள் உண்ணும் கலோரி அளவு இறங்கி வந்ததை 2009-இல் பொருளாதார அறிஞர்கள் ஆங்கஸ் டீட்டனும் ஜான் டிரேஸும் எடுத்துக்காட்டினார்கள். உடலுழைப்பு குறைந்தது ஒரு காரணமாகலாம் என்றார்கள். பிறகு எழுதிய தீபங்கர் பாசு, அமித் பசோலே இருவரும், கல்வி, மருத்துவம், போக்குவரத்து போன்ற தவிர்க்க முடியாத செலவுகள் உணவுக்கான பணத்தை நெருக்கிவிட்டன என்று வாதிட்டார்கள். மூட்டை தூக்குகிற, மீன் கூடை சுமக்கிற, உலையருகே நின்று வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கு உழைப்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நம் பகுதிக்குப் பொருந்துவது இரண்டாவது விளக்கம்.

சராசரியில் இன்னொன்றும் மறைந்து நிற்கிறது. 2022-23 கணக்கெடுப்பில் நகரக் குடும்பச் செலவில் வாடகை 6.6 சதவீதம் என்று இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களே, உங்கள் சம்பளத்தில் வாடகை அவ்வளவுதானா? சொந்த வீட்டுக்காரர்களுக்கு வாடகைச் செலவே கிடையாது. அவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. அதேபோல் நகரத்தின் அடிமட்ட 5 சதவீத மக்களின் மாதச் செலவு ஆளுக்கு 2,001 ரூபாய். உச்சி 5 சதவீதத்தினருக்கு 20,824. இந்த இரண்டு கூட்டத்தையும் கூட்டி வகுத்த சதவீதம் எந்த வீட்டு அடுப்பையும் காட்டாது.

உணவுக்குள்ளேயும் பாருங்கள். நகரத்தில் தானியத்துக்கு ஆன செலவு 2022-23-இல் மொத்தத்தில் 3.6 சதவீதம்தான். பாலும் பால் பொருளும் 7.2. காய்கறி 3.8. முட்டை, மீன், கறி சேர்த்து 3.6. பானங்கள், பலகாரம், வெளியில் வாங்கி உண்பது 10.6, உணவுச் செலவில் இதுதான் பெரிய இனம். இதை ஆடம்பரம் என்று சொல்லிவிடாதீர்கள். விடியற்காலை ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு இரண்டு இட்லியும் டீயும் வெளியில்தான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் பாக்கெட் மாவும் பரோட்டாவும் நேரத்துக்குக் கொடுக்கும் விலை. ஆக, சிக்கல் இன்று அரிசியில் இல்லை. அரிசியோடு சேரவேண்டியவற்றில் இருக்கிறது. பருப்பு, கீரை, முட்டை, நெத்திலி, பால், பழம். விலை ஏறும்போது முதலில் குறைவது இவைதான். 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது நினைவிருக்கும். ரசத்துக்குத் தக்காளி போடலாமா என்று யோசித்த வீடுகள் இந்தத் தெருவிலேயே எத்தனை!

மீனவர் வீடுகளில் நிலை இன்னும் கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் பெருக அது தேவை, மறுக்கவில்லை. நிவாரணத் தொகை 5,000-லிருந்து 8,000 ரூபாய் ஆகும் என 2023-இல் அறிவிப்பு வந்தது. 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். அந்த 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது வலை வீச முடியாமல் நின்ற வீடுகளில் வருமானமும் போனது, சாப்பாட்டு மீனும் போனது. விற்பனைக்கு முன் வீட்டுக்கு எடுத்து வைக்கும் மீன் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. இல்லாமல் போகும் நாளில்தான் அதன் மதிப்பு தெரிகிறது.

குறைகிற சோறு யார் தட்டில் குறைகிறது என்பதையும் கேட்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து, சமைத்தவருக்குக் கடைசியில். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. உணவு ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியாக உட்கார்ந்து, மிஞ்சியதை உண்ணும் வழக்கத்துக்கு இதில் பங்கில்லை என்று யார் சொல்வார்கள்? குடும்பத்தின் சதவீதத்துக்குள் பெண்ணின் தட்டு தனியாகத் தெரியாது.

இப்போது ஊதியத்துக்கு வருகிறேன். 1957 ஜூலையில் டெல்லியில் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு முறை உண்டு. குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது? முதலில் உணவு. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு. ஒவ்வோர் அலகுக்கும் டாக்டர் அய்க்ராய்டு வகுத்தபடி 2,700 கலோரி. பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. பிறகு வாடகை. பிறகு எரிபொருள், விளக்கு, பிற செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 சதவீதம். அந்த அய்க்ராய்டு யார் தெரியுமா? நம் நீலகிரியில், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்தவர். இந்திய உணவுகளின் சத்துகளை அளந்து 1937-இல் நூலாகத் தந்தவர். நாட்டின் கூலிக் கணக்கு நம் மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் அளந்த சோற்றின் மேல் எழுந்தது.

இந்த முறைக்கு மேலும் வலுவூட்டிய வழக்கும் சென்னையில் கிளம்பியதுதான். ரெப்டகாஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக நடத்திய வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காகக் குறைந்தபட்ச ஊதியத்தில் இன்னொரு 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. கூட்டிப் பாருங்கள். 20-ம் 25-ம் சேர்ந்து 45. மிச்சம் 55-க்குள் சோறு, துணி, கூரை மூன்றும் அடங்க வேண்டும். அப்படி அடங்குகிற அளவுக்குக் கூலி பெரிதாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள்.

பிறகு எங்கே வந்தோம்? 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்புக்காக மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகளிலும் மூன்று அலகு, 2,700 கலோரி எல்லாம் இருந்தன. ஆனால் வாடகைக்கு எவ்வளவு வைத்தார்கள்? உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 சதவீதம். உணவும் துணியும் பத்தாயிரம் என்றால் வாடகை ஆயிரம். காலடிப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஆயிரம் ரூபாய்க்கு ஓர் அறை காட்ட முடியுமா? தாளில் வாடகையைச் சுருக்கினால் அது வாழ்க்கையில் சோற்றைத்தான் சுருக்கும். மூன்று அலகு என்பதும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் மட்டுமே. வீட்டில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு அந்தக் கணக்கில் தட்டு கிடையாது.

பஞ்சப்படியிலும் இதே கவனம் வேண்டும். ஆலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டில் உணவின் எடை 2001 தொடரில் 46 சதவீதமாக இருந்தது. 2016 தொடரில் 39 ஆகிவிட்டது. சராசரிக் குடும்பம் மாறியதால் எடை மாறியது, அது முறைதான். ஆனால் கான்ட்ராக்டில் நாள் சம்பளம் வாங்குகிற, செலவில் பாதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கிற குடும்பத்துக்குப் பருப்பும் எண்ணெயும் ஏறும்போது, அந்தக் குறியீடு காட்டுவதை விட விலைவாசி அதிகமாக ஏறியிருக்கும். ஒரே குறியீடு இருவரையும் ஒரே அளவில் அளக்க முடியாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, இந்தப் பகுதியின் ஒவ்வொரு தொழிற்சங்கமும், ஒவ்வொரு மகளிர் குழுவும் தங்கள் உறுப்பினர் வீடுகளில் மூன்று மாதம் கணக்கு எழுதச் செய்யுங்கள். சாப்பாடு எவ்வளவு, வாடகை எவ்வளவு, தவணை எவ்வளவு என்று மட்டும் எழுதினால் போதாது. வாரத்தில் எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் முட்டை அல்லது மீன், வீட்டுப் பெண் எத்தனை வேளை வயிறாரச் சாப்பிட்டாள் என்பதையும் எழுதுங்கள். சதவீதத்தையும் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, அந்த நோட்டோடு சம்பளப் பேச்சுக்குப் போங்கள். இங்குள்ள கம்பெனிகளில் ஒரே பட்டறையில், ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் நிற்கிறார்கள். இருவர் உடம்புக்கும் வேண்டிய கலோரி ஒன்றே. 1957-இன் முறையை, இன்றைய உண்மையான வாடகையோடு, இருவருக்கும் பொருத்திக் கேளுங்கள்.

மூன்றாவது, நியாய விலைக் கடையை விட்டுக்கொடுக்காதீர்கள். அது எல்லோருக்கும் உரியது என்பதுதான் தமிழ்நாட்டின் பலம். அரிசியோடு நில்லாமல் பருப்பும் எண்ணெயும் தடையின்றி, முழு அளவில், மாதத் தொடக்கத்திலேயே கிடைக்க வேண்டும். முட்டையும் பயறு வகைகளும் அதில் சேர வேண்டும் என்று கேளுங்கள்.

தாய்மார்களே, தோழர்களே, சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது என்ற கேள்வியை இதுவரை நாம் நம்மையே குற்றம் சொல்லும் கேள்வியாகக் கேட்டு வந்திருக்கிறோம். செலவு அதிகமாகிவிட்டதே, சிக்கனமாக இருந்திருக்கலாமே என்று பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அந்தக் கேள்வியை இனி எதிர்ப்பக்கம் திருப்புங்கள். நான்கு பேர் நன்றாகச் சாப்பிட இவ்வளவு ஆகும், கூரைக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு. இதற்குக் குறைந்தது எதுவும் கூலி ஆகாது என்று சொல்லுங்கள். 1918-இல் பெரம்பூர்த் தொழிலாளி சாப்பிட நேரம் கேட்டார், கேட்டதால் சங்கம் பிறந்தது. இன்று நாம் சாப்பிடப் போதுமான கூலி கேட்போம். கேட்பதற்கு முன் எழுதுவோம். வருகிற ஒன்றாம் தேதி முதல் நோட்டைத் திறப்போம்.